இளைப்பு நோயாளி வார்டுக்கு வந்தால்: புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு

வார்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்படி ஒருவர் உங்களிடம் வந்துவிடுவார். படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால் பதில் இரண்டிரண்டு சொல்லாக வரும். கேஸ் ஷீட்டில் சிஓபிடி என்று எழுதியிருக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் தமிழ்ப் பெயர். வீட்டில் இளைப்பு, வீசிங் என்பார்கள்.

2019-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2016-ல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இது இருந்தது. இவ்வளவு பெரிய நோயை நர்சிங் படிப்பில் நாம் படித்ததோ கொஞ்சம்தான். வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து பத்து நிமிஷம் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஆக்சிஜனைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கை, இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று பார்ப்பது உங்கள் கண். அதனால் இதில் நீங்கள் தெரிந்து வைத்திருப்பதும் தெரியாமல் விடுவதும் நேராக நோயாளியின் மேல் போய் விழும்.

நோய் என்ன செய்கிறது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கும், மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பழையபடி விரியும். சிஓபிடியில் குழல்கள் வருஷக்கணக்காகப் புகைபட்டுத் தடித்துப் போயிருக்கும், சளி கோத்திருக்கும், காற்றறைகளின் சுவர்கள் சிதைந்திருக்கும். மருந்து கொடுத்தாலும் அடைப்பு முழுதாக விலகாது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் இவர்களுக்குக் கஷ்டம். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுவதால் நெஞ்சு பீப்பாய்போல உப்பியிருக்கும். நோயை உறுதிசெய்வது ஸ்பைரோமெட்ரி. குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் 0.7-க்குக் கீழே இருக்கும். மூச்சுத் திணறி வந்திருக்கும் நாளில் அந்தப் பரிசோதனை வேண்டாம், ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் பீடி, சிகரெட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவைகூடப் புகைக்காத அம்மாக்கள் இந்த நோயோடு வருவார்கள். "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டால் "சீச்சீ, இல்லம்மா" என்பார்கள், நாமும் "இல்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். "எந்த அடுப்பில் சமைச்சீங்க? எத்தனை வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். விறகு, வரட்டி, சுள்ளி, ஜன்னல் இல்லாத சமையலறை, நாற்பது வருஷம் என்று வரும். ஆண்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி என்று கேளுங்கள். பஞ்சு மில்லா, கல்குவாரியா, செங்கல் சூளையா என்று வேலையையும் கேளுங்கள். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்பதையும் விடக்கூடாது. காசநோய் ஆறின பிறகும் நுரையீரலில் இந்த அடைப்பை விட்டுப் போகும்.

வந்தவுடன்

முதலில் உட்கார வையுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முன்னால் மேஜையைத் தள்ளி, அதன்மேல் ஒரு தலையணை வைத்துக் கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். ஃபேன் காற்று முகத்தில் படட்டும், அதுவே மூச்சுத் திணறலைக் கொஞ்சம் ஆற்றும். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றால் ஒருவரை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்புங்கள்.

அப்புறம் மூச்சை எண்ணுங்கள். முழுதாக ஒரு நிமிஷம். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் எல்லாருக்கும் மூச்சு 20 அல்லது 22 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதியது அது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள், எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருக்கின்றனவா, ஒரே மூச்சில் எத்தனை சொல் பேச முடிகிறது என்று பாருங்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டும்போது நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள், விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த தோலில் அந்தக் கருவி சிலசமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எண்ணும் ஆளும் பொருந்தாவிட்டால் ஆளை நம்புங்கள்.

மூன்று கேள்வி கேளுங்கள்: மூச்சு வாங்குவது வழக்கத்தைவிட அதிகமா, சளி அதிகமா, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா. ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வதில் இந்த மூன்றுக்கும் பெரிய பங்கு உண்டு, நிறத்துக்கு இன்னும் கூடுதல். "சளி இருக்கு" என்று எழுதினால் போதாது. ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி நீங்களே பாருங்கள்.

ஆக்சிஜன்

இங்கேதான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு டியூட்டி. இளைப்போடு வந்த தாத்தாவுக்கு மாஸ்க்கில் 10 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. ஆக்சிமீட்டர் 99 காட்டியது. வந்தபோது அலைமோதியவர் அடங்கித் தூங்கினார். "ரெண்டு நாளா கண்ணே மூடலம்மா, இப்பதான் தூங்குறாரு" என்றார் அவர் மனைவி. எனக்கும் நிம்மதியாக இருந்தது, எழுப்பவில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தட்டினால் கண் திறக்கவில்லை. ரத்தவாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 90-க்கு மேலே போயிருந்தது. பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் மெஷின்) போட்டு, அடுத்த நாள் மாலைதான் அவர் பேர் சொன்னார். அந்த இரவின் சார்ட்டில் ஒவ்வொரு மணிக்கும் என் கையெழுத்தில் "99%, தூங்குகிறார்" என்று இருந்தது. அவர் மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் மணிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். நுரையீரலில் காற்று போகாத கெட்ட பகுதிகளுக்கு ரத்தம் வீணாகப் போகாமல் அங்குள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அவை தளர்ந்து, ரத்தம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அங்கே போன ரத்தம் கார்பன் டை ஆக்சைடை இறக்கிவைக்க முடியாமல் அப்படியே திரும்பும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினும் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கிப் பிடிக்காது, ரத்தத்தில் விட்டுவிடும். மூச்சுவிடத் தூண்டும் உந்துதல் குறைந்துபோவதுதான் காரணம் என்று பழைய பாடங்களில் படித்திருப்பீர்கள். அது உண்மையில் சிறு பங்குதான்.

அதனால் சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிமீட்டரில் இலக்கு 88 முதல் 92 சதவீதம். 2010-ல் வெளியான டாஸ்மேனியா ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸில் வந்த 405 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போலத் தாராளமாகவும், மற்றவர்களுக்கு 88–92 என்று அளந்தும் ஆக்சிஜன் கொடுத்தார்கள். தாராளமாகக் கொடுத்த பக்கம் 9 சதவீதம் பேரும் அளந்து கொடுத்த பக்கம் 4 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆக்சிஜனும் ஒரு மருந்து, அதற்கும் டோஸ் உண்டு. கேஸ் ஷீட்டில் இலக்கு எழுதியில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு எழுத வையுங்கள். புதியவர் கேட்கக்கூடாத கேள்வி இல்லை இது.

வென்சுரி மாஸ்க் (வால்வுக்குத் தக்கபடி நிலையான சதவீதத்தில் ஆக்சிஜன் தருவது) இருந்தால் அதுவே நல்லது. 24 சதவீத வால்வு பெரும்பாலும் நீலம், 28 வெள்ளை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் வால்வின் மேலேயே அச்சிட்டிருக்கும் சதவீதத்தையும் லிட்டரையும் படித்து வையுங்கள். ஃப்ளோவைக் கூட்டினால் இந்த மாஸ்க்கில் சதவீதம் கூடாது, வால்வைத்தான் மாற்ற வேண்டும். வால்வின் ஓட்டைகளைப் போர்வை மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குளிர்கிறது என்று கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிடுவார்கள், உடனே சதவீதம் மாறிவிடும். வென்சுரி இல்லாவிட்டால் மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரில் ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். சாப்பிடும்போதும் மூக்குக் குழாய்தான் வசதி.

இதைப் படித்துவிட்டு ஆக்சிஜன் கொடுக்கவே பயந்துவிடாதீர்கள். 88-க்குக் கீழே இருப்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், ஆக்சிஜன் குறைவு இன்னும் வேகமாகக் கொல்லும். இதயம் நின்றுபோனவர், ஷாக்கில் இருப்பவர் என்றால் முதலில் தாராளமாகக் கொடுங்கள், இலக்கெல்லாம் அப்புறம். அதேபோல அதிக ஆக்சிஜனில் ஒருவரைக் கண்டுபிடித்தால் பட்டென்று கழற்றிவிடவும் கூடாது. ஆக்சிஜன் அளவு முன்பு இருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். 24 அல்லது 28 வென்சுரிக்கு இறக்கி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை ஆக்சிமீட்டர் காட்டாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். காலையில் தலைவலி, பேச்சில் குழப்பம், சூடான உள்ளங்கை, துள்ளும் நாடி, கையை நீட்டி விரலை மேலே மடக்கச் சொன்னால் சிறகடிப்பதுபோலக் கை உதறுவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால் சந்தேகப்படுங்கள். தட்டி எழுப்புங்கள், பேர் கேளுங்கள், மூச்சை எண்ணுங்கள். நல்ல தூக்கம் என்றால் எரிச்சலோடு "என்னம்மா?" என்பார். அந்த எரிச்சல் நல்ல அறிகுறி.

உங்கள் மருத்துவமனையில் நியூஸ் 2 மதிப்பெண் சார்ட் (மூச்சு, நாடி போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டுவது) பயன்படுத்தினால், அதில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஆக்சிஜன் அளவுக்கு இரண்டாவது அட்டவணை இருக்கிறது. எதில் போடுவது என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த அட்டவணையில் ஆக்சிஜன் வைத்த நிலையில் 97 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3 மதிப்பெண். 83-க்கும் அதே 3 தான்.

ரத்தவாயுவுக்குத் தமனியில் ரத்தம் எடுத்தால், எடுத்த நேரத்தில் எவ்வளவு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது என்று சீட்டில் எழுதுங்கள். அது இல்லாமல் ரிப்போர்ட்டைப் படிக்கவே முடியாது. ஊசியில் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது, எடுத்த இடத்தை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35-க்குக் கீழே போய், கார்பன் டை ஆக்சைடு 45-க்கு மேலே இருந்தால் பைபாப் பற்றி டாக்டர் யோசிப்பார். முடிவு வந்த கையோடு போன் செய்யுங்கள், ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்காதீர்கள்.

நெபுலைசர், ஸ்டீராய்டு, பைபாப்

மருந்தைப் புகைபோல ஆக்கி இழுக்கத் தரும் நெபுலைசரை ஆக்சிஜன் குழாயில் மாட்டிவிடுவது நம் வார்டுகளில் சுலபமாக நடக்கும் தவறு. 6 முதல் 8 லிட்டரில் ஓடும் அது, கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிக்குத் தேவையில்லாத ஆக்சிஜன். காற்று கம்ப்ரசரில் ஓட்டுங்கள், ஆக்சிஜன் தேவைப்பட்டால் மூக்குக் குழாயில் தனியாகப் போகட்டும். குழல் விரிக்கும் மருந்தான சால்புடமால் போனபின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோய் அடுத்த டோஸை மறுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கும். குழல் விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம் கண்ணில் படக்கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவருக்கு மாஸ்க் தவிர்த்து, வாயில் கவ்வும் குழாய் கொடுங்கள்.

ஸ்டீராய்டு பெரும்பாலும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், 5 நாள். காலையில் கொடுங்கள், மாலையில் கொடுத்தால் இரவு தூக்கம் போகும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை பாருங்கள்.

பைபாப் மாஸ்க்கை எடுத்தவுடன் பெல்ட் போட்டு இறுக்காதீர்கள். ஏற்கெனவே மூச்சு முட்டும் மனிதருக்கு அது முகத்தை அமுக்குவதுபோல இருக்கும். முதலில் உங்கள் கையால் முகத்தில் மெல்லப் பிடித்து, "மெஷின் தள்ளும்போது கூடவே இழுங்கப்பா" என்று நாலைந்து மூச்சு கூடவே இருங்கள். பழகினபின் பெல்ட். மூக்குத் தண்டில் புண் வராமல் பஞ்சுப் பட்டை வைக்கலாம். வாந்தி வருவதுபோல இருந்தால் உடனே கழற்ற வேண்டும் என்று கூட இருப்பவரிடமும் காட்டிக் கொடுங்கள். ஆரம்பித்த ஒன்று, இரண்டு மணி நேரத்தில் மறுபடி ரத்தவாயு பார்க்க வேண்டும்.

இன்ஹேலர்: செய்து காட்டச் சொல்லுங்கள்

ஓர் அம்மா மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை அட்மிட் ஆனார். மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றார், காலி அட்டைகளையும் காட்டினார். "எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்கம்மா" என்றேன். கருவியில் போட்டு இழுக்க வேண்டிய ரோட்டா காப்ஸ்யூல் ஒன்றை அட்டையிலிருந்து பிதுக்கி, வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். இழுக்கும் கருவி பையில் பிரிக்காமல் கிடந்தது. மூன்று மாதமாக மருந்து வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. முந்திய இரண்டு தடவையும் இதை யாரும் கேட்கவில்லை.

"இன்ஹேலர் போடத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். செய்து காட்டச் சொல்வதுதான் வழி.

காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவி என்றால்: காப்ஸ்யூலை உள்ளே போட்டு, அந்தக் கருவிக்குத் தக்கபடி திருகியோ மூடியோ திறக்க வைக்க வேண்டும். கருவியிலிருந்து முகத்தைத் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், கருவிக்குள் ஊதினால் தூள் பறந்து ஈரமாகிவிடும். பிறகு வாயால் நன்றாகக் கவ்வி, வேகமாகவும் ஆழமாகவும் ஓர் இழுப்பு. பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திறந்து பார்த்துத் தூள் மிச்சமிருந்தால் இன்னோர் இழுப்பு. இதற்கு இழுக்கும் பலம் வேண்டும். கடும் திணறலில் இருப்பவரால் முடியாது, அவருக்கு ஸ்பேசரோ (அழுத்தும் இன்ஹேலரோடு மாட்டி, மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் குடுவை) நெபுலைசரோதான்.

அழுத்தும் இன்ஹேலருக்கு நேர்மாறு: மெதுவாக இழுக்க வேண்டும். மூடியைக் கழற்றி, குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, இழுக்க ஆரம்பிக்கும்போதே ஓர் அழுத்து, ஐந்து வினாடிபோல இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது இடைவெளி. வயதானவர்களுக்குக் கையும் மூச்சும் ஒன்றாக ஒத்துவராது. அழுத்தினபின் இழுப்பார்கள், மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். அவர்களுக்கு ஸ்பேசர் மாட்டிக் கொடுங்கள். ஸ்பேசர் வாங்க வழியில்லையென்றால் 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் கச்சிதமாக நுழையும்படி ஓட்டை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த வழி அது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எதுவானாலும் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இன்ஹேலரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காலியா என்று பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். எண்ணிச் சொல்லிக் கொடுங்கள்: 200 பஃப் உள்ளது, ஒரு நாளைக்கு 4 என்றால் 50 நாள்.

கட்டிலைவிட்டு இறங்கும்போது

உட்கார்ந்திருக்கையில் 90 காட்டுபவர் பாத்ரூம் போய்வந்தால் 80-க்கு இறங்கியிருப்பார். அதனால் நடந்து வந்தவுடனும் ஒரு தடவை பாருங்கள், அதையும் எழுதுங்கள். மூச்சு வாங்குபவருக்குச் சாப்பிடுவதே ஒரு வேலை. ஒரு தட்டு நிறையச் சோறு வைத்தால் பாதியில் களைத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுக்கச் சொல்லுங்கள்.

உதடு குவித்து ஊதும் மூச்சுப் பயிற்சியை நீங்களே கற்றுக்கொடுங்கள். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சூடான காபியை ஆற்ற ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணி விடுவது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற இது உதவும். படியேறும்போதும், குனிந்து எழும்போதும் இதைச் செய்தால் தைரியம் வரும்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்

பீடியை விடச் சொல்லும்போது திட்டாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் எல்லாரும் திட்டியிருப்பார்கள். "எப்போ கடைசியா விட்டுப் பார்த்தீங்க, எது மறுபடி இழுத்துச்சு?" என்று கேட்டால் பேசுவார். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள், அதை எழுதிக் கொடுங்கள். புகையடுப்பு, கொசுவத்தி, ஊதுபத்தி பற்றிக் கேளுங்கள். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கிற ஊர் என்றால் நாலு வாரத்துக்குள் சேர்த்துவிடுவது நல்லது. வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டும், அந்த அறையில் பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.

இன்ஹேலரை மறுபடி ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இந்தத் தடவை மகனையோ மருமகளையோ பக்கத்தில் நிற்க வைத்து, ஏனென்றால் வீட்டில் எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான். படிக்கத் தெரியாதவர் என்றால் டப்பாவில் மார்க்கரால் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரையுங்கள். காப்ஸ்யூல் டப்பாவில் "விழுங்கக் கூடாது" என்று பெரிதாக எழுதுங்கள்.

கடைசியாக, கார்பன் டை ஆக்சைடு ஏறிய அனுபவம் உள்ளவர் என்றால், ஒரு சிறு அட்டையில் "சிஓபிடி நோயாளி, ஆக்சிஜன் இலக்கு 88–92" என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, ஆதார் அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நடுராத்திரியில் 108 வந்து ஏற்றும்போது, வண்டியில் இருப்பவர் ஆக்சிஜனைத் திறப்பதற்கு முன்பே அதை நீட்ட வேண்டும் என்று அந்த வீட்டம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.